ஈசானிய மூலையும் கடற்கரையும்

தாய்லாந்துக்குப் புறப்படுகிறவனுக்கு இந்நாளில் இரண்டு வகையான உபதேசங்கள் கிடைக்கின்றன. பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று வரிசையாக ஊர்ப் பெயர்களைச் சொல்லி, எந்தக் கடைத்தெருவில் எதைப் பேரம் பேசி வாங்கலாம் என்பது வரையில் விவரித்து அனுப்பி வைப்பது ஒன்று. அதற்கு நேர் விரோதமானது மற்றொன்று. கற்றவர்களும் பல தேசங்களில் பிரயாணம் செய்தவர்களும் சொல்வதாகையால் அதிக மதிப்பைப் பெற்றிருப்பது. "அந்த ஊர்களெல்லாம் அந்நியர் பணத்துக்காகப் போட்ட வேஷம், அவற்றை விட்டு விலகிக் கிராமாந்தரங்களுக்குப் போங்கள், காலத்தால் மாறாத, களங்கம் படாத, உண்மையான தாய்லாந்து அங்கேதான் இருக்கிறது" என்பது அந்த உபதேசம். அதை நம்பித்தான் நானும் போனேன். சென்ற நவம்பர் மாதத்தில், அறுவடைக் காலத்தில், சுற்றுலாப் பிரயாணிகளின் காலடி அநேகமாகப் படாத ஒரு கிராமத்தில் பதினொரு நாள் தங்கியிருந்தேன். திரும்பி வந்து, கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஆற அமர யோசித்துப் பார்த்தபோது, அந்த அபிப்பிராயம் பிழையானது என்பதோடு, தான் போற்றுவதாக எண்ணிக்கொள்ளும் மக்களுக்கே அது அநீதி செய்கிறது என்னும் முடிவுக்கு வந்தேன். அதனாலேயே இந்த மறுப்பை எழுத நேர்ந்தது.

நான் தங்கிய கிராமம் சுரின் மாகாணத்தின் வடபகுதியில், மூன் நதிக்கு அணித்தாக, தா தூம் என்னும் வட்டத்தில் இருக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கு மாகாணங்கள் இருபதையும் சேர்த்து ஈசான் என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல் நமக்குப் புதியதன்று. மனையடி சாஸ்திரம் பார்க்கும் நம் ஊர்க் கொத்தனார் ஈசானிய மூலை என்று சொல்கிறாரே, அதே ஈசானந்தான். தேசத்தின் நிலப்பரப்பிலும் ஜனத்தொகையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பீடபூமியில் இருக்கிறது. ஆனால் அந்நியப் பிரயாணிகளில் மிகச் சிறிய பகுதியினரே இங்கே எட்டிப் பார்க்கிறார்கள். கிராமத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் நெல்வயல். குலா சமவெளி என்னும் அந்தப் பெருவெளியின் முழுப் பெயருக்குக் 'குலா வணிகர் அழுத சமவெளி' என்பது பொருள். தலைச்சுமையாகச் சரக்குகளைச் சுமந்து வந்த வணிகர் கூட்டத்தார், நிழலும் நீரும் காணாமல் அழுதுகொண்டே அதைக் கடந்தார்கள் என்று பழங்கதை கூறுகிறது. இன்று உலகமெங்கும் விலை போகும் மல்லிகை மணமுள்ள அரிசி விளைவது அந்த நிலத்தில்தான்.

உபதேசம் செய்தவர்களின் வாக்கில் முதல் விரிசல் விழுந்தது நான் போய்ச் சேர்ந்த அன்று மாலையிலேயே. எனக்கு அறை கொடுத்த மூதாட்டியை அவருடைய பேத்தி அழைத்தபடியே நானும் 'யாய்' என்று அழைத்தேன். அவர்கள் பேச்சில் அது தாயைப் பெற்ற பாட்டியைக் குறிப்பது. பழந்தமிழில் யாய் என்றால் தாய்; ஒலியளவில் நேர்ந்த ஒற்றுமைதான் என்று அறிந்தும், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. யாயின் வீடு மேலே மரமும் கீழே சிமெண்டுமாகக் கட்டிய வீடு. முன்காலத்தில் எருமை கட்டவும் தறி போடவும் திறந்தே கிடந்த கீழ்த்தளத்துக்குச் சுவர் எழுப்பி, தரையில் ஓடு பதித்திருந்தார்கள். சுவர் எப்போது எழுந்தது என்று கேட்டேன். இரண்டாவது மகன் தைவான் தேசத்துத் தொழிற்சாலைக்குப் போன மூன்றாவது வருஷத்தில் என்று விடை வந்தது. மூத்த மகன் பாங்காக்கில் வாடகைக் கார் ஓட்டுகிறான். கடைசி மகள் பட்டாயாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தில் என்னோடு பேசிய பன்னிரண்டு வயதுப் பேத்தி அவளுடைய மகள். தைவானும் பாங்காக்கும் பட்டாயாவும் சேர்ந்து எழுப்பிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் கை படாத கிராமத்துக்கு வந்துவிட்டேன் என்று நான் எப்படிச் சொல்லிக்கொள்வேன்?

அது ஒரு வீட்டின் கதை அன்று. மறுநாள் காலையில் ஒலிபெருக்கியில் கிராமத் தலைவர் செய்தி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் நடந்து பார்த்தேன். தாத்தாக்களும் பாட்டிகளும் குழந்தைகளும் இருந்தார்கள். இடைப்பட்ட தலைமுறையினரைக் காண்பது அரிதாயிருந்தது. சித்திரைப் புத்தாண்டாகிய சொங்க்ரானுக்கும் ஜனவரிப் புத்தாண்டுக்குமே அவர்கள் வருகிறார்கள். தென் கொரியாவில் ஒருவன், இஸ்ரேலின் பழத்தோட்டங்களில் ஒருவன் என்று வீட்டுக்கு வீடு கணக்குச் சொன்னார்கள். 1980களில் இந்தப் பீடபூமியிலிருந்து சவூதி அரேபியாவுக்குக் கூட்டங்கூட்டமாகப் போனவர்கள், அரண்மனை வைரத் திருட்டு ஒன்றினால் இரு தேசங்களின் உறவு முறிந்ததும் அந்த ஜீவனத்தை இழந்தார்கள்; உறவு மீண்டும் மலர்ந்தது 2022இல்தான். 2023 அக்டோபர் 7ஆம் தேதி இஸ்ரேலில் நடந்த தாக்குதலில் கொலையுண்டும் சிறைப்பட்டும் போன அயல்நாட்டுத் தொழிலாளரில் தாய்லாந்தார் மிகப் பலர். அவர்களில் பெரும்பாலோர் ஈசான் கிராமத்துப் பிள்ளைகள். மேற்காசியாவில் வெடிக்கும் குண்டின் சத்தம் தங்கள் வாசலில் வந்து விழுமளவுக்கு உலகத்தோடு பிணைந்திருக்கும் மக்களை, உலகம் அறியாத அப்பாவிகள் என்று வர்ணிப்பது பாராட்டு ஆகாது.

காலத்தால் மாறாத கிராமம் என்பதும் அப்படிப்பட்டதே. நான் போன சமயத்தில் வயலில் அரிவாளைத் தேடினேன். கூலிக்கு அமர்த்திய அறுவடை இயந்திரம் ஒரு பகல் பொழுதில் யாயின் வயலை முடித்துவிட்டுப் போயிற்று. கையால் பிடித்து ஓட்டும் சிறிய உழுபொறிக்கு அவர்கள் 'இரும்பெருமை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிஜ எருமைகள் குறைந்துவிட்டன. கறிகாய் விற்கும் கிழவி, நான் நீட்டிய நோட்டுக்குச் சில்லறை இல்லையென்று, தட்டில் ஒட்டியிருந்த சதுரக் குறியைக் காட்டிக் கைப்பேசியில் செலுத்தச் சொன்னாள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியை நடத்துகிறார், பிள்ளைகள் போதவில்லை. தேசமெங்கும் பிறப்பு விழுந்து, 2024ஆம் ஆண்டில் 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த எண்ணிக்கையை ஓர் ஆசிரியையின் முகத்தில் பார்த்தேன். இவையெல்லாம் மாறாத வாழ்வின் அடையாளங்களா?

மணமுள்ள அந்த அரிசியின் விருத்தாந்தத்தையே எடுத்துக்கொள்வோம். குலா சமவெளியின் ஆதிச் சொத்து என்று நான் எண்ணியிருந்த அந்த ரகத்தின் வித்து, 1950ஐ ஒட்டிக் கடற்கரைப் பக்கத்திலுள்ள சாச்செங்சாவ் மாகாணத்தில் திரட்டிய நெற்கதிர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, 1959இல் அரசாங்கத்தாரால் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. சாச்செங்சாவுக்கு அடுத்த மாகாணத்தில்தான் பட்டாயா இருக்கிறது. யாய் அதை விற்பதற்காகவே பயிரிடுகிறார். வீட்டாருக்கு உணவு வேறு. ஆவியில் வேகவைத்து, மூங்கில் கூடையில் வைத்து, கையால் உருட்டி உண்ணும் ஒட்டரிசிக்கென்று தனியே ஒரு வயல் வைத்திருக்கிறார். அந்த ஒட்டரிசியோடு சேர்த்து உண்ணும் சொம்தாம் என்னும் பப்பாளிக்காய்க் கலவையைத்தான் பிரயாணிகள் 'அசல் ஈசான் உணவு' என்று கொண்டாடுகிறார்கள். பப்பாளி, மிளகாய், தக்காளி, வேர்க்கடலை ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. ஊறவைத்த மீனாகிய பிளாரா ஒன்றே அவ்வூர் ஏரி குளங்கள் தந்தது. வந்தவற்றையெல்லாம் உரலில் போட்டு இடித்துத் தமதாக்கிக்கொண்ட அந்தக் கைத்திறனைப் போற்ற வேண்டுமேயன்றி, எதுவும் வந்து கலவாத தூய்மை என்று இல்லாத ஒன்றைப் போற்றுவதில் என்ன பிரயோஜனம்?

'உண்மையான தாய்லாந்து' என்ற தொடரே அந்த மண்ணில் நின்று சொல்லத் தகாதது என்பதையும் சொல்ல வேண்டும். யாய் தம் வீட்டில் பேசுவது லாவோ மொழி. அடுத்த கிராமத்தில் யானை வளர்க்கும் கூய் இனத்தார் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். தெற்கே போகப் போகக் கெமெர் மொழி. பள்ளிக்கூடத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் தொலைக்காட்சியிலுந்தான் பாங்காக்கின் மொழி ஒலிக்கிறது. 1827இல் வியந்தியான் அரசன் அனுவொங் சயாமை எதிர்த்துத் தோற்றபின், மேக்கோங் நதிக்கு அக்கரையிலிருந்து திரள் திரளாக லாவோ மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்தப் பக்கத்தில் குடியேற்றினார்கள். சயாம் என்னும் பெயரே 1939இல்தான் தாய்லாந்து என மாறிற்று. அதே காலத்தில் பிறந்த அரசாங்கக் கட்டளைகள், இன்ன பகுதியார், இன்ன இனத்தார் என்று பிரித்துச் சொல்லாமல் அனைவரும் ஒரே பெயரால் தங்களை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தன. தேசத்தின் பெயரே தம் மீது சுமத்தப்பட்ட ஒரு சமூகத்தாரிடம் போய், நீங்களே அந்தத் தேசத்தின் அசல் உருவம் என்று சொல்வதற்கு, அவர்களுடைய சரித்திரத்தை அறியாத மனம் வேண்டும்.

சரித்திரம் என்றதும், என் வாதத்தில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சுற்றுலாத் தலமும் கிராமமும் எதிரெதிர்த் துருவங்கள் என்றே எல்லாரும் பேசுகிறார்கள். அவை ஒரே யுத்தத்தின் நிழலில் வளர்ந்தவை. சராபுரியிலிருந்து கோராட் வரையில் அமெரிக்கப் பணத்தால் போடப்பட்டு 1958இல் திறக்கப்பட்ட 'நட்புச் சாலை', பிற்பாடு லாவோஸ் எல்லை வரையில் நீண்டு, ஈசான் கிராமங்களைப் பாங்காக்கோடு இணைத்தது. கோராட், உபோன், உடோன், நக்கோன் பனோம் ஆகிய ஈசான் நகரங்களில் அமெரிக்க விமானத் தளங்கள் எழுந்தன. வியட்நாமிலும் லாவோஸிலும் குண்டு போட்ட விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. பட்டாயாவோ அப்போது செம்படவர் குப்பம். 1959இல் கோராட் தளத்திலிருந்து லாரிகளில் வந்த சிப்பாய்கள் அந்தக் கடற்கரையில் இறங்கியதிலிருந்துதான் தங்கள் ஊரின் கதை தொடங்குகிறது என்று அவ்வூரார் சொல்வார்கள். 1967இல் இரு தேசத்து இராணுவங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வியட்நாமில் போரிட்டவர்கள் ஓய்வு நாட்களைக் கழிக்கத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1976க்குள் சிப்பாய்கள் போய்விட்டார்கள். அவர்களுக்காகக் கட்டிய அறைகளும், அவற்றில் ஊழியம் செய்யக் கிராமத்திலிருந்து வந்த பெண்களும் ஆண்களும் நின்றுவிட்டார்கள். சாலை ஒன்று; அதன் ஒரு முனையில் யாயின் வீடு, மறுமுனையில் அவருடைய மகள் துணி வெளுக்கும் ஹோட்டல். ஒரு முனையைப் புண்ணிய க்ஷேத்திரம் என்றும் மறுமுனையைப் பாபக் குழி என்றும் சொல்லிப் பிரிப்பவர்கள் அந்தச் சாலையை மறந்துவிடுகிறார்கள்.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. கொள்ளைநோய்க் காலம் சந்தேகமறக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. 2019இல் தாய்லாந்துக்கு வந்த அந்நியப் பிரயாணிகள் ஏறக்குறைய 4 கோடி. 2020இல் அது 67 லட்சமாயிற்று. 2021இல் 4 லட்சத்துச் சொச்சம். பிரயாணிகளையே காணாத யாயின் கிராமத்துக்கு அதனால் என்ன நேர்ந்திருக்க வேண்டும்? உபதேசம் மெய்யானால், ஒன்றும் நேர்ந்திருக்கக் கூடாது. நேர்ந்தது என்னவென்றால், ஹோட்டல் மூடியதும் மகள் வீடு திரும்பினாள். வாடகைக் காரில் ஏற ஆளில்லாமல் மூத்தவனும் திரும்பினான். மாதந்தோறும் பணம் அனுப்பியவர்கள், அரிசிப் பானையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த ஒன்றரை வருஷமும் விற்கும் நெல்லைக் குறைத்து, உண்ணும் நெல்லை அதிகமாக்கி, வீட்டை நடத்தியதாக யாய் சொன்னார். "வயல் இருந்தது, அதனால் பிழைத்தோம்" என்று பேத்தி மொழிபெயர்த்தாள். கடற்கரை கிராமத்துக்குப் படியளக்கிறது. கடற்கரை சாய்ந்தால் கிராமம் தாங்குகிறது. அண்டை வீடுகளிலும் இதே கதையைத்தான் கேட்டேன்.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருகிறேன். "பொருளாதாரம் எப்படியாவது இருக்கட்டும்; விலை கேட்காத அன்பு கிராமத்தில்தானே கிடைக்கிறது?" என்பார்கள். அன்பு கிடைத்தது, இல்லையென்று சொன்னால் நான் நன்றி கெட்டவனாவேன். தெருவில் எதிர்ப்பட்டவரெல்லாம், நம் ஊரில் கேட்பதைப் போலவே, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார்கள். விடைபெறுவதற்கு முதல் நாள், அக்கம்பக்கத்துப் பாட்டிகள் கூடி, என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, உயிர் உடம்பை விட்டு அலையாமல் இருக்க வேண்டுமென்று வாழ்த்தினார்கள். ஆனால் அறைக்கும் உணவுக்கும் ஒரு நாளைக்கு 500 பாட் என்று யாய் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னதையும், நான் கொடுத்ததை என் முன்னிலையிலேயே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டதையும் மறைக்க மாட்டேன். அந்தக் கணத்தில், கேட்டிருந்த உபதேசத்தின் பலனாக, என் மனம் சிறிது வாடியது உண்மை. பிறகுதான் புரிந்தது: அன்புக்கு விலையில்லை என்று பிரயாணி கொண்டாடும்போது, விருந்தோம்புகிறவளின் விறகுக்கும் அரிசிக்கும் உழைப்புக்குங்கூட விலையில்லை என்று தன்னையறியாமல் சொல்லிவிடுகிறான். கணக்கெழுதிய அதே கை அன்றிரவு எனக்கு வேகவைத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தது. இரண்டும் யாயினுடைய கைதான்.

இதற்கு மாறாக, கிராமம் என்றதுமே, ஆங்கிலம் தெரியாத இடத்தில் எப்படிக் காலம் தள்ளுவது, அபாயம் நேராதா என்று அஞ்சுகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இரவு எனக்குக் காய்ச்சல் கண்டது. கிராமத்துச் சுகாதாரத் தொண்டராகிய பெண்மணி பத்து நிமிஷத்தில் வந்து பார்த்தார். அத்தகைய தொண்டர்கள் தேசம் முழுவதும் 10 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இன்னொரு ஆக்ஷேபம் பெரியது: கூட்டம் மொய்க்கும் தலத்தில் சத்தியம் இருக்க முடியாது என்பது. இதற்குத் தமிழனாகிய நான் காஞ்சனபுரியைக் காட்டி விடை சொல்வேன். ரயில் பாலத்தின் மேல் நின்று படமெடுத்துக்கொள்ளும் பிரயாணிகளால் நெரியும் ஊர் அது. கிராமத்தை நாடுகிறவர்கள் முகஞ்சுளித்து ஒதுக்கும் ஊர். 1942இலும் 1943இலும் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளமான சயாம் - பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டது அந்தக் காடுகளில்தான். நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு அங்கே ஒழுங்கான மயானம் இருக்கிறது; ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள்; பெயர் பொறித்த கல்லறை அவர்களுக்கு இல்லை. பாலத்தின் மேல் கூட்டம் நிற்கிறது என்பதனால் பாலத்தின் கீழே உள்ள மண் பொய்யாகிவிடுமா? நம்மவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து நின்றாவது அந்த மண்ணைப் பார்த்துவர வேண்டும்.

என் மனத்தை எல்லாவற்றிலும் அதிகமாகப் புண்படுத்துவது வேறொன்று. சுற்றுலா ஊர்களை வெறுத்துப் பேசுகிற நண்பர்களின் பேச்சில், அங்கே உழைக்கிறவர்களும் வேஷத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறார்கள். உணவு விடுதிப் பெண்ணின் புன்னகை பொய், கார் ஓட்டுகிறவன் சூதன், பாதம் பிடித்துவிடுகிறவள் பணத்துக்காகப் பேசுகிறவள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கிராமத்து மூதாட்டியின் முகச் சுருக்கங்களில் தெய்விகத்தைக் காண்கிறார்கள். அந்தப் பெண் இந்த மூதாட்டியின் மகள். பட்டாயாவின் கடைவீதியில் ஒரு மாலை முழுவதும் காதைக் கொடுத்து நடப்பவனுக்கு லாவோப் பேச்சு எங்கும் கேட்கும். பாங்காக்கின் தெருவோரத்தில் உரலில் பப்பாளியை இடிக்கும் சத்தம் யாயின் சமையற்கட்டுச் சத்தமே. பத்து மணி நேரம் பஸ்ஸில் போய், அந்த மக்கள் விட்டுவந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வணங்குகிறவன், அந்த மக்களையே தன் ஹோட்டல் வாசலில் ஏறெடுத்துப் பாராமல் போவானானால், அவன் வணங்கியது யாரை?

ஈசானுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவரும் கொள்ள வேண்டாம். அவசியம் போக வேண்டும். சிக்கோரபூம் என்னும் ஊரில் தாமரைக் குளத்தின் நடுவே நிற்கும் செங்கற் கோவிலின் வாயில் மேல், ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கெமெர்ச் சிற்பிகள் செதுக்கிய ஆடும் சிவபெருமானைத் தரிசித்தபோது, என்னைத் தவிர அங்கே ஒரு காவற்காரரும் புல் மேயும் இரண்டு பசுக்களுமே இருந்தன. அந்த அமைதியை எதற்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன். ஈசான் வாழ்வைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அவ்வூர்க்காரரான கம்பூன் பூந்தவி எழுதி 1979இல் தென்கிழக்காசிய இலக்கியப் பரிசு பெற்ற 'ஈசானின் பிள்ளை' என்னும் நாவலையும் படிக்கலாம். வறட்சியில் நீர் தேடியும் உணவு தேடியும் அலையும் மக்களை அதில் பார்க்கிறவர்கள், அந்த ஊரார் எக்காலத்திலும் அசையாமல் உட்கார்ந்திருந்ததில்லை என்பதை அறிவார்கள்.

புறப்படும் நாளன்று நான் நேரே பாங்காக் போவதாக இருந்தது. சுரின் பஸ் நிலையத்திலிருந்து பட்டாயாவுக்கு நேராக பஸ் போகிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். யாய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். புதிதாய்க் குற்றிய ஒட்டரிசி பத்துக் கிலோ. அதன் மேல் வாய் கட்டிய பிளாரா ஜாடி ஒன்று. மகளுக்கு எப்போதும் பஸ்காரரிடந்தான் கொடுத்தனுப்புவது வழக்கமாம். "லுங் எந்த வழியாகப் போகிறீர்கள்?" என்று பேத்தி கேட்டாள். லுங் என்றால் பெரியப்பா. பார்க்கவே கூடாது என்று சங்கற்பம் செய்துகொண்டு வந்த ஊருக்குச் சீட்டு வாங்கினேன். பஸ்ஸில் என் மூட்டையைப் போலவே இன்னும் ஏழெட்டு மூட்டைகள் இருந்தன. நெடுக அரிசி மணந்துகொண்டே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அந்த ஹோட்டலின் பின்வாசலுக்குப் போய்ச் சொல்லியனுப்பினேன். நீராவியில் சிவந்த கைகளைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து என்னை வணங்கினாள். பின்பு மூட்டையின் கட்டை அங்கேயே அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"களத்தில் காயப் போட்டிருந்தபோது மழை ஏதும் பெய்ததா, லுங்?"